பொட்டு வைத்த சி.டி.க்கள்

தையல்நாயகி ஒரு தகரப் பெட்டியை உள்ளங்கையில் ஏந்தி எடை பார்த்துக்கொண்டிருக்கிறார். கம்ப்யூட்டருக்குள் இருந்துகொண்டு மற்ற உறுப்புகளுக்கெல்லாம் மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் எஸ்.எம்.பி.எஸ். அது. கண்ணை மூடி இரண்டு தடவை மேலும் கீழும் அசைக்கிறார். எதிரே மொத்த வியாபாரியின் ஆள் நிற்கிறார். பெட்டியின் மேல் நானூற்றைம்பது வாட் என்று பொன்னிற எழுத்தில் போட்டிருக்கிறது.

"இது இரநூறு" என்கிறார் தையல்நாயகி.

"மேடம், நானூத்தம்பதுன்னு எழுதியே இருக்கு."

"எழுதியிருக்கு. உள்ள செம்பு இல்ல. செம்பு இருந்தா கனக்கும். எழுத்து கனக்காது."

ஆள் பெட்டியை வாங்கிப் பையில் போட்டுக்கொள்கிறார். மேற்கொண்டு வாதாடவில்லை. போன மாதம் வாதாடிப் பார்த்தவர்.

பக்கத்துக் கடை கமலக்கண்ணனுடையது. ஜெராக்ஸ், லேமினேஷன், டி.டி.பி. இரண்டு கடைக்கும் நடுவே இருக்கும் பிளைவுட் தடுப்பு கூரையைத் தொடாது. திங்கட்கிழமை காலையில் நாளிதழின் கம்ப்யூட்டர் பக்கத்தைக் கமலக்கண்ணன் உரக்க வாசிப்பார். செய்தி தடுப்பின் மேல்வழியாக இந்தப் பக்கம் வந்து விழும். தையல்நாயகி ஸ்குரூ டிரைவரைக் கீழே வைக்காமலே பதில் சொல்லி அனுப்புவார்.

"யக்கா, எக்ஸ்பி விக்கிறத நிறுத்திட்டாங்களாம். இனிமே விஸ்டாதானாம்."

"யாரு நிறுத்தச் சொன்னா?"

"யாரும் சொல்லல. அவங்களே நிறுத்திட்டாங்க."

"அப்ப அவங்களே வாங்கிக்கட்டும்."

கருவடிக்குப்பம் மெயின் ரோட்டில், 2008 ஜூலையில், உலகின் மிகப் பெரிய மென்பொருள் வியாபாரம் இவ்வாறு முடித்துவைக்கப்பட்டது. நான் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். பாரிசுக்குப் பக்கத்தில் குடியிருக்கும் நான் வருடத்துக்கு ஒரு மாதம் அம்மாவைப் பார்க்க வருகிறேன். அம்மாவைப் பார்த்து முடித்ததும் அம்மாவின் கம்ப்யூட்டரைப் பார்க்க இங்கே வருகிறேன்.

தையல்நாயகிக்கு நாற்பத்தேழு வயது. அப்பா மில்லில் நூற்புப் பிரிவில் இருந்தவர். இவர் பத்தாவது முடித்துத் தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டையில் ஸ்டெபிலைசர் கம்பெனியில் சேர்ந்து பதினோரு வருடம் டிரான்ஸ்பார்மருக்குச் செம்புக் கம்பி சுற்றினார். கம்பெனி மூடியபோது கம்ப்யூட்டருக்கு மாறினார். யாரிடமும் படிக்கவில்லை. ஒன்றைத் திறந்து பார்த்தாராம். "இதுவும் ஸ்டெபிலைசர்தான் தம்பி. வாய் மட்டும் ஜாஸ்தி" என்பது அவருடைய முடிவு.

கம்பி சுற்றிய கை என்பதால் எதையும் முதலில் தூக்கிப் பார்ப்பார். மவுஸ், கீபோர்டு, ஹார்டு டிஸ்க் எல்லாவற்றுக்கும் அவர் மனதில் ஒரு எடை இருக்கிறது. அதற்குக் குறைந்தது கடைக்குள் வராது. அபிப்பிராயமும் அப்படித்தான். மடிக்கணினி பற்றி: "அடுப்பத் தூக்கி மடியில வெச்சிக்கிறாங்க. கேட்டா நாகரிகம்." இரட்டை மூளை உள்ள சில்லு பற்றி: "ஒரு செவுத்துக்கு ரெண்டு மேஸ்திரி." போன வருடம் வெளிவந்த, பட்டனே இல்லாத போனைப் பற்றிக் கமலக்கண்ணன் அரைப் பக்கம் வாசித்துக் காட்டியபோது கொஞ்சம் யோசித்திருக்கிறார். "பட்டன அழுத்துனா டக்குன்னு கேக்கணும். அது பதிலு. பதில் சொல்லாத சாமான் எனுக்கு வேணாம்."

விஸ்டா எதைச் செய்யப் போனாலும் அனுமதி கேட்கிறது என்று அம்மாவுக்காக நானே கவலைப்பட்டு ஒருமுறை கேட்டேன். "நம்ம வூட்டு மெஷினு நம்மளையே நீதானா, நீதானான்னு கேட்டா, அதுக்கு நம்மளத் தெரியலன்னு அர்த்தம். தெரியாத ஆள எதுக்குத் தம்பி வூட்டுக்குள்ள வெச்சிக்கிறது?" அம்மாவின் கம்ப்யூட்டரில் எக்ஸ்பியே இருந்துவிட்டது.

அதுவும் பிரெஞ்சு எக்ஸ்பி. நான் அங்கிருந்து தூக்கி வந்தது. கீபோர்டில் எழுத்துகள் இடம் மாறியிருக்கும், எண்களுக்கு ஷிப்ட் அழுத்த வேண்டும். இந்த ஊரில் பிரெஞ்சு அரசின் பென்ஷன் வாங்குகிறவர்களின் வீடுகளில் இப்படிப்பட்ட பெட்டிகள் நிறைய உண்டு. வேறு கடைக்காரர்கள் பார்த்ததும் கையைத் தூக்கிவிடுவார்கள். தையல்நாயகிக்கு ஒரு வார்த்தை பிரெஞ்சு தெரியாது. மெனுவைப் படிக்க மாட்டார், எண்ணுவார். மேலிருந்து நாலாவது, அதில் இரண்டாவது, அதற்குள் கடைசி. கேள்வி கேட்டு ஒரு பெட்டி திறந்தால் இடது பக்கப் பொத்தான். லீசே என்னும் பிரெஞ்சுப் பள்ளியில் பன்னிரண்டு வருடம் அந்த மொழியில் படித்த நான் ஒவ்வொரு எச்சரிக்கையையும் முழுதாக வாசித்துப் பயந்துகொண்டிருப்பேன். அவர் அதற்குள் வேலையை முடித்து மூடியிருப்பார்.

வாடிக்கையாளர்களின் பெயர் அவருக்கு நிற்காது, மெஷின் நிற்கும். "அந்த நூத்தியிருபத்தெட்டு ரேம்மு, தண்ணி டேங்க் பக்கம்" என்றால் அது ஓய்வுபெற்ற ராமலிங்கம் சார். "சவுண்டு கார்டு இல்லாதது" ஒரு பாதிரியார். கமலக்கண்ணன் மட்டும் அதையும் இதையும் பொருத்திப் பெயர் சொல்லுவார்.

கடையை விட்டுப் போகும் எந்தப் பொருளுக்கும் அவர் பொட்டு வைப்பார். பில்லுக்குப் பக்கத்திலேயே சந்தனக் கிண்ணமும் குங்குமச் சிமிழும் இருக்கும். புது கம்ப்யூட்டர் என்றால் நெற்றியில், அதாவது சி.டி. டிரைவுக்கு மேலே. பிரிண்டருக்கு மூடியில். ரிப்பேருக்கு வந்து போகும் மவுஸுக்குக்கூட உண்டு. பெரிய பக்திமான் என்று சொல்ல முடியாது. கோவிலுக்குப் போய் நான் பார்த்ததில்லை. "பொட்டு வெச்சா நம்ம கையி வேல முடிஞ்சுதுன்னு அர்த்தம்" என்பார்.

2002-ல் கேப்ச்சர் கார்டு ஒன்று வாங்கிப் போட்டு, வீடியோ டேப்பை சி.டி.யாக மாற்றித் தரும் வேலையைத் தொடங்கினார். அப்போது வி.சி.ஆர். எல்லாம் மூலைக்குப் போய்க்கொண்டிருந்தது. கல்யாணம், காதுகுத்து, பள்ளி ஆண்டுவிழா, கிரகப்பிரவேசம் என்று கருவடிக்குப்பத்திலும் சுற்றுவட்டாரத்திலும் யாரெல்லாம் கேசட் வைத்திருந்தார்களோ அவர்கள் எல்லாம் கொண்டு வந்தார்கள். எல்லாருக்கும் ஒரே பேச்சு: "இது நூறு வருசம் நிக்கும். டேப்ப தூக்கிப் போடு. வெச்சிருந்தா பூஞ்சைக்குத்தான் சாப்பாடு." சி.டி.யின் எழுதும் பக்கத்தில், ஓட்டைக்கு ஒரு விரல் மேலே, சந்தனம் வைத்து, அதன்மேல் குங்குமம் வைத்து, உறையில் போட்டுக் கொடுப்பார். ஜனங்கள் டேப்பைத் தூக்கிப் போட்டார்கள். என் தங்கை ஹேமலதாவின் கல்யாண கேசட்டை நானே குப்பைத் தொட்டியில் போட்டேன்.

தேங்காய்த்திட்டிலிருந்து வசந்தா என்ற மீன்காரம்மாவும் ஒரு டேப் கொண்டு வந்தார். அவர் கணவர் அம்மாவாசை, துறைமுகத்தில் மீன் ஏலம் கூறுகிறவர். சவுதியிலிருந்து வந்த மைத்துனன் கேமராவைத் தூக்கிக்கொண்டு ஒருநாள் விடிகாலை ஏலத்தைப் படம் பிடித்திருக்கிறான். பதினோரு நிமிடம். தையல்நாயகி அதை மாற்றும்போது முழுக்கப் பார்த்திருக்கிறார். "அப்பா, என்னா கொரலு! ஸ்பீக்கர புடுங்கி வெச்சிட்டாக்கூட ரோட்டுக்குக் கேக்கும்" என்று அப்போது கமலக்கண்ணனிடம் சொன்னாராம். மறு வருடம் அம்மாவாசைக்குத் தொண்டையில் புற்று. ஜிப்மரில் ஆபரேஷன் செய்தார்கள். உயிர் இருந்தது, குரல் போனது. இப்போது பேசினால் காற்றுதான் வரும்.

நான் அந்த ஜூலையில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்ததற்குக் காரணம் ஹேமலதாவின் கல்யாண சி.டி. பாரிசில் என் டிரைவ் அதைத் திறக்கவில்லை. நண்பர்கள் வீட்டில் நாலு டிரைவில் போட்டுப் பார்த்தேன். எதிலும் திறக்கவில்லை.

தையல்நாயகி சி.டி.யைக் கையில் வாங்காமலேயே காரணங்களைச் சொன்னார். உன் டிரைவு லென்ஸ் அழுக்கு. ஏர்போர்ட்டுல எக்ஸ்ரே காட்டியிருப்பாங்க. அந்த ஊரு குளிரு. அந்த ஊரு வோல்டேஜ். நீ அத எடுத்து எடுத்து வெச்சிருப்ப. ஐந்தாவதில் ஓரளவு உண்மை இருந்தது.

பிறகு வாங்கினார். அவர் டிரைவிலும் திறக்கவில்லை. வெளியே எடுத்து, டியூப் லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடித்தார். ஓட்டைக்கு ஒரு விரல் மேலே, பொட்டு இருந்த இடத்தில், இன்னொரு ஓட்டை. ஓட்டை என்றால் பிளாஸ்டிக்கில் அல்ல. வெள்ளிப் பூச்சு மட்டும் தின்னப்பட்டு, வெளிச்சம் இந்தப் பக்கம் வந்துகொண்டிருந்தது.

அலமாரியின் மேலிருந்து நாலைந்து டப்பாக்களை இறக்கினார். கடைக்கான சொந்த சி.டி.க்கள். ஒவ்வொரு டப்பாவிலும் முதல் சி.டி.க்குப் பொட்டு வைப்பது அவர் வழக்கம், மீதிக்கு இல்லை. ஒவ்வொன்றாக வெளிச்சத்துக்குக் காட்டினார். பொட்டு வைத்ததில் எல்லாம் ஓட்டை. வைக்காதது எல்லாம் சுத்தம்.

"என்னாக்கா, சத்தத்தையே காணோம்?" என்றது தடுப்புக்கு அப்பால் இருந்து.

"கமலக்கண்ணா, குங்குமத்துல என்னா போடுறான்?"

"மஞ்சளும் சுண்ணாம்பும். வேற என்னா?"

"சுண்ணாம்பு" என்றார் தையல்நாயகி. ஒரு பொட்டை நகத்தால் சுரண்டினார். பூச்சும் சேர்ந்து வந்தது. "சந்தனம் ஈரம். சுண்ணாம்பு காரம். கீழ இருக்கிறது பேப்பர் மாதிரி பூச்சு. பதினோரு வருசம் கம்பி சுத்தினவளுக்கு இது தெரியல."

கமலக்கண்ணன் எழுந்து இந்தப் பக்கம் வந்தார். பார்த்தார். அவர் நல்ல மனிதர், ஆறுதல் சொல்லும் வேகத்தில் இருந்தார். "யக்கா, கடக்காத்துன்னு சொல்லிடு. இந்த ஊர்ல எது துருப்புடிக்கல? இல்லன்னா டிஸ்க்கு கம்பெனி மேல போடு. எவன் வந்து கேக்கப் போறான்?"

"கடக்காத்துக்குப் பொட்டு எங்க இருக்குன்னு தெரியுமாடா?"

கமலக்கண்ணன் அடுத்த சி.டி.யை எடுத்து வெளிச்சத்துக்குப் பிடித்தார்.

சி.டி.யில் தகவல் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி எழுதப்படுகிறது. முதல் சுற்றில்தான் உள்ளே என்னென்ன இருக்கிறது என்ற பட்டியல் இருக்கும். பொட்டு விழுந்தது சரியாக அதன்மேல். பட்டியல் போனால் டிரைவ் அதை சி.டி. என்றே ஒப்புக்கொள்ளாது. மீதியெல்லாம் நன்றாக இருந்தாலும் வெளியே துப்பிவிடும். அரிப்பு இன்னும் பட்டியலை எட்டாத சி.டி.க்களை இப்போதே நகல் எடுத்தால் தப்பிக்கும். ஐப்பசி மழை வரைக்கும் விட்டால், ஈரத்தில் மீதியும் போகும்.

அன்று சாயங்காலம் ஒரு அறிவிப்பு தயாரானது. கமலக்கண்ணன் முதலில் அடித்துக் காட்டியதில் 'தட்பவெப்பநிலை காரணமாக' என்று இருந்தது. தையல்நாயகி அதை அழிக்கச் சொன்னார். இரண்டாவதில் 'தவிர்க்க முடியாத காரணங்களால்' என்று இருந்தது. கமலக்கண்ணனைச் சற்றுத் தள்ளி உட்காரச் சொல்லிவிட்டு, ஒரு விரலால் தானே அடித்தார்:

'2002 முதல் 2005 வரை இந்தக் கடையில் டேப்பை சி.டி.யாக மாற்றியவர்கள் கவனத்துக்கு. பொட்டு வைத்த சி.டி. கெட்டுக்கொண்டிருக்கிறது. துடைக்க வேண்டாம். அப்படியே உடனே கொண்டு வரவும். பொட்டு வைத்தது நான். டேப்பைத் தூக்கிப் போடச் சொன்னதும் நான். தையல்நாயகி.'

"கடைசி ரெண்டு வரி எதுக்குக்கா? அத யாரும் கேக்கலியே" என்றார் கமலக்கண்ணன்.

"காரணம் தெரியாதவன் எப்படிச் சி.டி.ய எடுத்துட்டு வருவான்? கடக்காத்துன்னு எழுதுனா, நம்ம வூடு கடலுக்கு தூரம்னு சும்மா இருந்துடுவான்."

ரேஷன் கடை, தண்ணீர் டேங்க், டீக்கடை, மாரியம்மன் கோவில் வாசல் என்று நாற்பது இடங்களில் ஒட்டினார்கள். மறுநாள் முதல் ஜனங்கள் வர ஆரம்பித்தார்கள். ராமலிங்கம் சார் சி.டி.யோடு ஒரு கேள்வியும் கொண்டு வந்தார். "ஏம்மா, பொட்டு வெச்சாக் கெட்டுப்போவும்னு சொன்ன மொத ஆளு நீதான். நாளைக்குக் கற்பூரம் காட்டுனா கரண்டு போவும்னு சொல்லுவியா?"

"காட்டிப் பாருங்க சார். போனா எடுத்துட்டு வாங்க."

கலியமூர்த்தி என்ற மேஸ்திரி அந்தக் காலத்திலேயே தையல்நாயகியின் பேச்சை நம்பாமல் இரண்டு நகல் கேட்டவர். அதற்காகக் கடையில் எல்லார் முன்னிலையிலும் கேலி செய்யப்பட்டவர். இரண்டாவது நகலுக்குப் பொட்டு வைக்கும் வழக்கம் இல்லை. அவருடைய மகளின் காதுகுத்து துல்லியமாக ஓடியது. தையல்நாயகியை நம்பாதவர்கள் அனைவரும் தப்பித்தார்கள். கலியமூர்த்தி கடையில் ஒரு மணி நேரம் வேண்டுமென்றே உட்கார்ந்திருந்தார். தையல்நாயகி அவருக்கு இரண்டு முறை டீ சொன்னார்.

பட்டியல் போன சி.டி.க்களுக்கு ஒரு வித்தை கண்டுபிடித்தார். பழைய, மெதுவான டிரைவ் ஒன்றின் மேல் தகட்டைக் கழற்றினார். முதலில் நல்ல சி.டி. ஒன்றைப் போட்டு, அதன் பட்டியலை டிரைவ் படித்து முடித்து மோட்டார் நிற்கும் நேரத்தில், டிரைவுக்குத் தெரியாமல் கெட்ட சி.டி.யை மாற்றி வைத்துவிடுவது. டிரைவ் பழைய பட்டியலை நம்பிக்கொண்டு படிக்கப் போகும். "தங்கச்சியக் காட்டி அக்காவக் கட்டி வெக்கிற மாதிரி" என்றார் கல்யாணங்கள் பலவற்றைப் பார்த்த கமலக்கண்ணன். தையல்நாயகி சிரிக்கவில்லை. இந்த முறையில் ஆரம்பம் கிடைக்காது, பின்பாதி கிடைக்கும். ஹேமலதாவின் கல்யாணத்தில் தாலி கட்டுவது இல்லை. பந்தி முழுவதும் இருக்கிறது. மைத்துனர் இரண்டாம் தடவை பாயசம் கேட்பதும் இருக்கிறது.

"இனிமே எதுலதாம்மா போட்டு வெக்கிறது?" என்று வருகிறவர்கள் எல்லாரும் கேட்டார்கள். பழைய தையல்நாயகியாக இருந்தால் ஒரே பதில் வந்திருக்கும்.

"ரெண்டு எடத்துல வைங்க. ஒண்ணு என் பேச்சக் கேட்டு, ஒண்ணு கேக்காம."

திங்கட்கிழமை வந்தது. கமலக்கண்ணன் பேப்பரை எடுத்து, "யக்கா, பேனா மாதிரி ஒரு டிரைவு, பதினாறு ஜி.பி.யாம்" என்று ஆரம்பித்தார். இந்தப் பக்கத்திலிருந்து பதில் வரவில்லை. அவர் மீதிச் செய்தியை வாய்க்குள் வாசித்து முடித்தார்.

வராதவர்களின் வீடுகளுக்குத் தையல்நாயகி மொபெட்டில் போனார். பெயர் ஞாபகம் இல்லாததால் மெஷினைச் சொல்லி விசாரித்தார். லாஸ்பேட்டையில் ஒரு தெருவில், "பதினேழு இஞ்ச் மானிட்டரு, எடது ஓரத்துல பச்சையா தெரியும், அவங்க வூடு எது?" என்று கேட்டு, வீட்டையும் கண்டுபிடித்துவிட்டார். இரண்டு வாரத்தில் கிட்டத்தட்ட எல்லாரையும் பார்த்தாகிவிட்டது.

"யக்கா, தேங்காய்த்திட்டு?" என்றார் கமலக்கண்ணன்.

"போவணும்."

மறுநாளும் கேட்டார். "போவணும்" என்றார். தேங்காய்த்திட்டு அங்கிருந்து மொபெட்டில் இருபது நிமிடம். அன்று அவர் வில்லியனூருக்குப் போய்வந்தார்.

நான் ஞாயிற்றுக்கிழமை விமானம் ஏற வேண்டும். வெள்ளிக்கிழமை பதினொன்றரை மணிக்கு அம்மாவின் கம்ப்யூட்டரில் உள்ளவற்றின் நகல்களை வாங்கிக்கொள்ளப் போனேன். மூன்று நகல்கள் கேட்டிருந்தேன், அவர் கேலி செய்யாமல் போட்டு வைத்திருந்தார். கையில் கொடுத்துவிட்டு ஷட்டரை இறக்கினார். "தம்பி, ஸ்கூட்டர்லதான வந்த? என்ன தேங்காய்த்திட்டுல வுட்டுடு. என் வண்டி ஸ்டார்ட் ஆவல."

அவர் வண்டி காலையில் நன்றாகத்தான் ஓடியது, நானே பார்த்தேன். ஏற்றிக்கொண்டேன். வழியில் ஒரு பெரிய பேனரில் மெல்லிய மடிக்கணினி ஒன்றை ஒற்றை விரலில் தூக்கிக்கொண்டு ஒரு பெண் சிரித்தாள். அதன் அடியில் சிக்னலில் ஒரு நிமிடம் முழுதாக நின்றோம். பின்னாலிருந்து ஒரு அபிப்பிராயமும் வரவில்லை.

ஏலம் காலையிலேயே முடிந்திருந்தது. வசந்தாவின் வீட்டு முன்னால் சிமெண்டு தளத்தில் மீன்கூடைகள் கவிழ்த்துக் காயவைக்கப்பட்டிருந்தன. தையல்நாயகி தெருவிலேயே செருப்பைக் கழற்றினார். வாசல்படி வரை நடந்துவந்து, படி ஏறாமல், வெயிலில் நின்றார்.

"யாரு, தையலா?" வசந்தா வெளியே வந்தார். "அடியே, செருப்ப ஏன் அங்க வுட்ட? காலு வெந்துடும். உள்ள வா."

"இருக்கட்டும்க்கா. அந்தச் சி.டி.ய எடுத்துட்டு வாயேன்."

"உங்கண்ணன் படமா? என்னாத்துக்கு?"

"எடுத்துட்டு வாயேன்."

வசந்தா அதை சாமி அலமாரியிலிருந்து இரண்டு கையாலும் எடுத்து வந்தார். உறை இல்லை. ஓட்டையைச் சுற்றிலும் குங்குமம் ஒரு ரூபாய்க் காசு கனத்துக்கு அப்பியிருந்தது. அதன்மேல் மஞ்சள், அதன்மேல் மறுபடியும் குங்குமம். "உங்கண்ணன் முன்னாடி போட்டா அதுக்கு மனசு கஷ்டமாவும்னு போடுறதில்ல. சாமிகிட்ட வெச்சிட்டேன். வெள்ளிக்கெழமைக்கு வெள்ளிக்கெழம ஒரு பொட்டு. இன்னிக்கிக்கூட வெச்சேன்."

தையல்நாயகி வாங்கி வெயிலுக்குக் காட்டினார். பூச்சு செதில் செதிலாகக் கீழே உதிர்ந்தது. அதன் வழியாக வெயில் வந்து அவர் கன்னத்தில் வட்டமாக விழுந்தது. இங்கே டிரைவை ஏமாற்றிப் பிரயோஜனம் இல்லை. விளிம்பு வரைக்கும் கண்ணாடிதான்.

"இதுல ஒண்ணும் இல்லக்கா. போயிடுச்சு. சுண்ணாம்பு தின்னுடுச்சு. எடுக்க முடியாது. நான் எல்லாம் பார்த்துட்டேன், இது மாதிரி நெறைய பார்த்துட்டேன், இத எடுக்க முடியாது."

வசந்தா சி.டி.யைப் பார்த்தார், தையல்நாயகியைப் பார்த்தார். புரிவதற்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"வூட்ல அது ஒண்ணுதான்டி இருந்துச்சு" என்றார். "அது கொரலு அதுல மட்டுந்தான் இருந்துச்சு."

"தெரியும்க்கா."

"டேப்பு இருந்துச்சு. நீதான குப்பையில போடுன்ன."

"ஆமாக்கா."

வசந்தா கவிழ்த்த கூடை ஒன்றின் மேல் உட்கார்ந்தார். தெருவில் ஐஸ் வண்டி ஒன்று தண்ணீர் ஒழுகிக்கொண்டே போனது. அது முனை திரும்பியது. பிறகு வசந்தா, கணக்கைச் சரிசெய்கிறவர் போல, மெதுவாகச் சொன்னார். "நீ வெச்சது சின்னதாத்தான் இருந்துச்சு, தையலு. வாரா வாரம் அப்பி அப்பி வெச்சவ நானு. குத்தம் என்னுதுதான்."

"மொதப் பொட்டு என்னுது."

"இருந்தாலும்..."

"மொதப் பொட்டு என்னுதுக்கா."

அப்போதுதான் அம்மாவாசை வாசலுக்கு வந்தார். கழுத்தில் வெள்ளைத் துணி கட்டியிருந்தார். உள்ளே இருந்து எல்லாம் கேட்டுக்கொண்டிருந்திருப்பார். கையை நீட்டி சி.டி.யை வாங்கினார். அதை ஒரு கண்ணில் வைத்து, பூச்சு போன இடத்தின் வழியாக மனைவியைப் பார்த்தார், பிறகு தையல்நாயகியைப் பார்த்தார், கடைசியில் என்னையும் பார்த்தார். அவர் தோள்கள் குலுங்கின. சத்தம் இல்லாததால் சிரிக்கிறார் என்று எனக்குத் தெரிய நேரமாயிற்று. ஏதோ சொன்னார். எங்களுக்குக் காற்றுதான் கேட்டது. வசந்தாவுக்குக் கேட்டது.

"படம் புடிச்ச அன்னிக்கி வஞ்சரம் ரொம்ப மட்டமான வெலைக்குப் போச்சாம்" என்றார் வசந்தா, முகத்தை முந்தானையில் துடைத்துக்கொண்டே. "அத இன்னொருவாட்டிக் கேக்க வேணாம்னு சொல்லுது."

தையல்நாயகி தலையை மட்டும் அசைத்தார். நின்ற இடத்தை விட்டு நகரவில்லை. அம்மாவாசை அவருடைய பாதங்களைப் பார்த்தார். உள்ளே போய் ஒரு ஈரச் சாக்கை எடுத்துவந்து, நாலாக மடித்து, படியிலிருந்து அவர் காலடியில் போட்டார்.

தையல்நாயகி சாக்கைப் பார்த்தார். பிறகு ஒரு காலை மட்டும் எடுத்து அதன்மேல் வைத்தார்.